மணியைக் கழற்றிய வீடு

"அது பாட்டுக்கு அங்கனயே கெடக்கட்டும்க்கா, ஒனக்கு என்ன செய்யுது—"

"என்ன செய்யுதா? பல்லி ஓடினா அடிக்குது, மழை பெஞ்சா அடிக்குது, தெருவே—"

"தெருவே வருதுல்லா? வரட்டும். நாளைக்கு நமக்கு ஒண்ணுன்னா—"

"ஒண்ணுன்னா நான் இருக்கேம்லா, ஏட்டி."

வீட்டில் இருந்த பழைய அபாய மணியைக் கழற்றுவதா வேண்டாமா என்று நானும் என் தங்கை ஜெசியும் ஒருவர் பேச்சுக்குள் ஒருவர் புகுந்து பேசியது இது. எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர் அம்மா. இதிலிருந்து தொடங்குவதுதான் நியாயம் என்று எனக்குப் படுகிறது. வயதான இரண்டு பெண்கள் இருக்கும் வீட்டுக்குப் பாதுகாப்பாக நல்லது ஒன்று வைக்க நினைத்தது தப்பில்லை.

அந்த மணியை வைத்தவர் எங்கள் அப்பா. பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் அடுத்தடுத்துத் திருட்டு நடந்த வருஷம், கட்டில் ஓரத்தில் ஒரு சிவப்புப் பொத்தானும் அடுக்களையில் ஒன்றும் வைத்து, சுவரோரமாக ஒயரை ஓடவிட்டு, கேட்டுக்கு மேலே ஒரு சைரனில் கொண்டுபோய் முடித்தார். அமுக்கினால் முருகன்குறிச்சி வரைக்கும் கேட்கும். எதிர்வீட்டுத் தில்லைநாயகம் அண்ணாச்சி கம்போடு முதல் ஆளாக வந்து நிற்பார். அவருக்குப் பின்னால் தெருவே வரும். பெட்டிக்குள் பல்லி செத்துக் கிடக்கும். ஜெசி அத்தனை பேருக்கும் காப்பி போடுவாள். ஆள் வந்தால் அவளுக்குச் சந்தோஷம். எனக்கு அப்படியில்லை. வீடென்றால் நாங்கள் இரண்டு பேர் போதும் என்பது என் எண்ணம்.

எங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் சாலோமி. தபாலாபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஜெசியை ஸ்ரீவைகுண்டத்தில் வாழைத்தோட்டம் வைத்திருந்தவருக்குக் கொடுத்தோம். அவர் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். கைக்குழந்தையோடு வந்தவளை அன்றிலிருந்து நான்தான் பார்த்தேன். அவள் மகன் ரிச்சர்டைப் படிக்க வைத்தேன். அவளுக்கு மறுமணம் பேச எங்கள் சபை ஐயர், கோயில் பாதிரியார், ஒரு தடவை வீட்டுக்கு வந்தார். நானே பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். அவளிடம் கேட்டு அவளை எதற்குச் சங்கடப்படுத்த வேண்டும்.

ரிச்சர்டு இப்போது கனடாவில் இருக்கிறான். அம்மா மட்டும் வந்து இருக்கட்டும் என்று பல தடவை கூப்பிட்டான். அக்காளை விட்டுட்டு நான் எங்கன வர என்று ஒவ்வொரு தடவையும் ஜெசி மறுத்துவிடுவாள். அதைக் கேட்கும்போது எனக்கு வயிறு நிறைந்ததுபோல இருக்கும்.

அவன்தான் புதுசு வைக்கச் சொன்னான். பேட்டையிலிருந்து பூதலிங்கம் என்று ஒரு பையன் வந்து பழைய ஒயரையெல்லாம் பிடுங்கினான். சுண்ணாம்புக் காரையும் சேர்ந்து பெயர்ந்து அவன் கையைக் கிழித்துவிட்டது. கூடத்துச் சுவரில் ஒரு காமிரா, கதவுகளில் சின்னச் சின்னப் பெட்டிகள், ஜெசி உட்காரும் பிரம்பு நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பொத்தான். ஒயர் எதுவும் கிடையாது. எல்லாம் செல்போனில் வந்து சொல்லும். வெளியில் ஒரு சைரனும் மாட்டிருவமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன்.

ஜெசியிடம் இருந்தது பழைய பட்டன் போன். அதனால் என் போனிலும் ரிச்சர்டு போனிலும் மட்டும்தான் வரும்படி செய்தான். யாராவது வெள்ளைப் பொத்தானை அமுக்கினால் இரண்டு பேருக்கும் வரும். ஒருத்தர் 'கவனித்தாயிற்று' என்று தொட்டுவிட்டால் மற்றவருக்கும் அப்படியே போய்ச் சேர்ந்துவிடும், வீண் பதற்றம் இருக்காது. இன்னொன்றும் காட்டினான். போனில் ஒரு மைக் படம். அதை அமுக்கிக்கொண்டு பேசினால் காமிராவிலிருந்து நம் குரல் கேட்கும். நாய் வந்தால் விரட்டலாம் என்றான். ஜெசி அன்றைக்குப் பெண்கள் சங்கத்துக்குப் போயிருந்தாள். வந்ததும் சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

நான் மாடியில் படுப்பேன், அவள் கீழே. விடிந்ததும் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு அந்தப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து ஜெபிப்பாள். எங்களில் வாய்விட்டு ஜெபிப்பதுதான் பழக்கம். மனசுக்குள் சொல்லிக்கொண்டால் அதை ஜெபம் என்றே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இத்தனை வருஷமும் எனக்கு மாடிக்கு வெறும் முனகலாகத்தான் கேட்டிருக்கிறது. பால் வந்துவிட்டதா என்று பார்க்கத்தான் ஒருநாள் காலையில் போனைத் திறந்தேன். ஒவ்வொரு சொல்லும் காதோடு பேசுவதுபோலக் கேட்டது.

ரிச்சர்டுக்காக ஜெபித்தாள். அவன் மனைவிக்காக, பேரப்பிள்ளைகளுக்காக. தில்லைநாயகம் அண்ணாச்சியின் கண் ஆபரேஷனுக்காக. பால்காரர் மகளுக்கு வரன் அமைவதற்காக. ஒயர் பிடுங்கின அந்தத் தம்பியின் கைக்காயம் ஆறவேண்டும் என்றுகூட ஜெபித்தாள். ஆமென் சொல்லிவிட்டு எழுந்து போனாள். என் பெயர் வரவில்லை.

மறந்திருப்பாள் என்று அடுத்த நாளும் கேட்டேன். அதற்கடுத்த நாளும் கேட்டேன். அவளுக்குப் பிடித்த சொதி வைத்தேன், தலை வாரிவிட்டேன். பூதலிங்கத்தின் கை ஆறியதற்கு நன்றி ஸ்தோத்திரமும் சொல்லி முடித்துவிட்டாள். நான் வரவில்லை. ஒரே வீட்டில் இத்தனை காலம் இருந்தவளுக்கு ஒரு வாக்கியம் இல்லை. உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். எனக்காக ஒருத்தி தினமும் ஜெபிக்கிறாள் என்று நம்பித்தான் நான் ஆயுசையே ஓட்டியிருக்கிறேன்.

பிறகு ஒரு காலையில் அவள் ஜெபத்தில் நானும் வந்தேன். எல்லாரையும் சொல்லி முடித்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"ஆண்டவரே, எங்கக்காளை எனக்கு முந்தி எடுத்துக்கிடும். அவளைத் தனியா விட்டுட்டுப் போவ எனக்கு மனசு வரல. அவ இருக்க மட்டும் நான் பாத்துக்கிடுதேன். அதுக்குப் பெறவு கொஞ்ச நாளு எம்புள்ளகூட இருந்துட்டு உம்மகிட்ட வாரேன்."

இதை வேறு மாதிரி எடுத்துக்கொள்ளலாம் என்று ஐயர் சொன்னார். நீங்களும் அப்படித்தான் பார்க்கிறீர்கள். ஆனால் கேட்டவள் நான். என் சாவை ஒருத்தி வேண்டுதலாக வைத்ததை நான் கேட்டேன். அதுவும் நான் ஆக்கிப்போட்டதைச் சாப்பிட்டவள்.

இட்லி சாப்பிடும்போது யார் யாருக்கு ஜெபித்தாய் என்று கேட்டேன். எல்லாருக்கும்தான்க்கா என்றாள். எனக்கு என்றேன். ஒனக்கு இல்லாமலா என்று சொல்லி என் தட்டில் சட்னி வைத்தாள். அவள் பொய் சொல்லவில்லை என்பதுதான் என்னை அதிகமாகச் சுட்டது.

மறுநாள் அவள் ஜெபத்தை முடிக்கும் நேரத்தில் மைக் படத்தை அமுக்கினேன். மூச்சோடு மூச்சாக, "ஜெசி" என்றேன். அவ்வளவுதான். கிசுகிசுத்தால் யார் குரலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அவள் நிமிர்ந்து எதிர்ச்சுவரைப் பார்த்தாள். காமிரா இருப்பதும் அந்தச் சுவரில்தான், அதனால் அவள் முகம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "எல்லாத்தையும் கேட்டாச்சா?" என்றாள்.

கேட்டேன் என்றேன்.

அவள் அழுதாள். அதற்கு இப்பம் நான் என்ன செய்யணும் என்று கேட்டாள். நான் யோசித்து வைத்துக்கொண்டு சொன்னதில்லை. ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலமான லெந்து நாட்கள் நடந்துகொண்டிருந்தன, அதனால் அந்த வார்த்தைதான் வாயில் வந்தது. உபவாசம் இரு என்றேன். எதுவரைக்கும் என்று கேட்டாள். நான் மைக் படத்திலிருந்து விரலை எடுத்துவிட்டேன்.

அதைக் கர்த்தரின் குரல் என்று அவள் நம்பினாள், நான் அந்த நம்பிக்கையைக் கெடுக்கவில்லை. அதைத்தான் முதல் நாளிலிருந்து உங்களிடம் சொல்லிவருகிறேன்.

மத்தியானம் சோறு போட்டேன். வேண்டாம்க்கா, உபவாசம் என்றாள். எதுக்கு என்று கேட்டேன்.

"ஒரு தப்பு நெனச்சுட்டேன்க்கா. அதுக்கு."

சரி என்று அவள் தட்டை மூடி வைத்துவிட்டு நான் சாப்பிட்டேன். எனக்கு மீன்குழம்பை அவள்தான் ஊற்றினாள். ஊற்றிவிட்டு எதிரே உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று இருந்திருப்பாள் போல. குழம்பில் உப்பு சரியாக இருக்கிறது என்றேன்.

நடுவில் தில்லைநாயகம் அண்ணாச்சி கேட்டுக்கு வெளியே நின்று, தங்கச்சி என்ன வாடிப்போயிருக்கு என்று விசாரித்தார். லெந்து நாள்லா அண்ணாச்சி, நாங்க ஒருசந்தி இருப்போம், ஒருவேளைதான் சாப்பாடு என்று நானே சொல்லி அனுப்பினேன். சபையிலும் யாரும் எதுவும் நினைக்கவில்லை. இந்த நாட்களில் பட்டினி கிடக்காதவளைத்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

அவளுக்குச் சர்க்கரை நோய் உண்டு. மாத்திரை கொடுப்பது என் பொறுப்பு. காலையில் அவள் உள்ளங்கையில் வைத்து, தண்ணீரும் கொடுத்து, முழுங்கும்வரை நிற்பேன். உபவாச நாட்களிலும் ஒரு வேளை தவறவில்லை. அதை நீங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம். கேட்டுவிட்டீர்கள் என்றும் தெரியும். அவர் சொல்லியிருப்பார். போன வருஷம் கோயில் அசன விருந்தில் பந்தி தாமதமாகி, வரிசையில் நிற்கும்போதே ஜெசி வேர்த்துக்கொட்டி மயங்கி விழுந்தாள். இந்த மாத்திரையைப் போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு இருந்தால் சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கிவிடும், உயிருக்கே ஆபத்து, சாப்பிடாத நாளில் மாத்திரை கொடுக்கவே கூடாது என்று அன்றைக்கு அவர் சொன்னார். மயக்கம் வந்தால் உடனே வாயில் சீனி போடவேண்டும் என்றும் சொன்னார். என்னிடம்தான் சொன்னார். எனக்குத் தெரியாது என்று நான் சொல்லப்போவதில்லை.

கடைசி நாள் காலையில் அவளால் நாற்காலியிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. மாத்திரையை வாயில் போட்டு நானே தண்ணீர் புகட்டினேன். கை குளிர்ந்து கிடந்தது. பிறகு மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

வெயில் ஏறின நேரத்தில் போன் அதிர்ந்தது. திரை முழுக்கச் சிவப்பு. திறந்து பார்த்தேன். நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தாள். சேலை வேர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கை மட்டும் எட்டி அந்த வெள்ளைப் பொத்தானைத் திரும்பத் திரும்ப அமுக்கியது. வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. மாடி ஜன்னல் வழியாகப் பார்த்தால் தில்லைநாயகம் அண்ணாச்சி அவர் வீட்டு வாசலில் நின்று கீரைக்காரியிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தார். பழைய மணியாக இருந்தால் கீரைக்கட்டோடு ஓடி வந்திருப்பார்.

'கவனித்தாயிற்று' என்பதைத் தொட்டேன். கனடாவில் அது நடுச்சாமம். ரிச்சர்டு எழுந்து போனைப் பார்த்தபோது பெரியம்மா கவனித்துவிட்டாள் என்று இருந்திருக்கும். நிம்மதியாகத்தான் வேலைக்குக் கிளம்பியிருப்பான்.

சீனி டப்பா அடுக்களையில் முதல் தட்டிலேயே இருந்தது. என் முழங்கால் நன்றாக இருக்கிறது. மாடியிலிருந்து இறங்க எனக்கு ஒரு சிரமமும் கிடையாது. நான் இறங்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, அவள் அசைவு நிற்கும்வரை போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆமாம், ஜெசியைக் கொன்றது நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் தன் ஆண்டவர் சொன்னதைச் செய்தோம் என்ற சமாதானத்தோடு அவள் போனாள். அந்த ஒன்றையாவது நான் அவளுக்குக் கொடுத்தேன் என்றுதான் இத்தனை நாளும் தூங்கி எழுகிறேன்.

ரிச்சர்டு தன் போனிலிருந்து எடுத்துக் கொடுத்த காமிரா வீடியோவில் கடைசியில் அவள் காமிராவைப் பார்த்து ஏதோ சொல்கிறாள், மின்விசிறிச் சத்தத்தில் பிடிபடவில்லை என்கிறீர்கள். ஜெபம் என்று நேற்று உங்களுக்குச் சொன்னேன். ஜெபம் இல்லை. அவள் உதடு அசைவதைப் பார்த்து போனைக் காதோடு சேர்த்து வைத்ததால் எனக்குத் தெளிவாகக் கேட்டது. மைக் படம் என் கட்டைவிரலுக்குக் கீழேதான் இருந்தது, நான் அமுக்கவில்லை. அவள் சொன்னது இதுதான்:

"எக்கா, மொத நாளே நீதான்னு எனக்குத் தெரியும். நீ சொன்னபடி பட்டினி கெடந்துட்டேம்லா. இப்பம் கோவம் போயிருந்தா, பைய எறங்கி வாயேன்."