பாதி விலையில் மூணு செட்டு

— இழு, இன்னும் கொஞ்சம்தான். ஏறிடுச்சுல்ல?

— உடுப்பு முட்டிக்கு மேல ஒரு இஞ்சுகூட ஏறலங்க. எதுக்கு மூச்சை இழுத்துப் பிடிக்கிறீங்க? காலுக்கும் மூச்சுக்கும் என்ன சம்பந்தம்?

— கடையில போட்டுப் பாத்தப்ப கச்சிதமா இருந்துச்சு, சத்தியமா. ஒரே வாரத்துல சுருங்குமா?

— பாதி விலைக்கு வாங்கினா சுருங்கும், விரியும், பேசக்கூடச் செய்யும்.

— உனக்குக் கிண்டல். கடலுக்கடியில போறதுக்கு ரெண்டு ஆளுக்குக்கூடப் புதுசா வாங்க முடியாத காசுல, உடுப்பும் கருவியுமா மூணு பழைய செட்டு பிடிச்சிருக்கேன். எனக்கு, பெரியவளுக்கு, சின்னவனுக்கு. மூச்சு விடுற கருவியை மட்டும் பிரிச்சுச் சரிபாத்துத் தந்த பிறகுதான் காசையே எடுத்தேன். அதுல கஞ்சத்தனம் பண்ணல, ஆமா.

— பிள்ளைங்க உடுப்பை மட்டும் ரெண்டு சைஸ் பெருசா வாங்கியாச்சு.

— வளர்ற பிள்ளைங்க. ரெண்டு வருஷம் வரும்.

— பள்ளிக்கூட யூனிஃபார்மா அது? உடம்போட ஒட்டினாத்தான் குளிராதாம். கடைக்காரர் விழுந்து விழுந்து சிரிக்கிறார்.

— நீ எப்ப அவரைப் பாத்த?

— பேச்சை மாத்தாதீங்க. டாக்டர் என்ன சொன்னார்?

— எத்தனை வாட்டி கேப்ப? கல்லு மாதிரி இருக்கேன்னார்.

— சீட்டு எங்க?

— எங்கயோ கிடக்கும். படகுக்காரங்க ஒரு ஃபாரம் தருவாங்க, உடம்பு நல்லாருக்குன்னு நாமளே டிக் அடிச்சுக் கொடுத்தாப் போதும். ஏன் இப்படி நச்சரிக்கிற?

— மூச்சு வாங்குதே உங்களுக்கு.

— உடுப்போட மல்லுக்கட்டினா வாங்காதா?

— ஒரு தடவை போகலன்னா குடியா முழுகிடும்?

— அப்பாவோ அம்மாவோ கூட இறங்கலன்னா பிள்ளைங்களை இறக்க மாட்டாங்க. ஆறு மாசமா நீச்சல் குளத்துல பழகிட்டு, நாளைக்கு ஒரு நாளுக்காக ரெண்டும் பறக்குதுங்க. நீயும் எங்களோட சேந்து படிச்சுப் பாஸ் பண்ணின, ஆனா கடலைப் பாத்தாலே உனக்கு வேர்த்துக் கொட்டுது. அதான் நாலாவது செட்டே வாங்கல. நான் இறங்கலன்னா வாங்கினதெல்லாம் பரண்லதான் தூங்கும். நகரு, கடை மூடுறதுக்குள்ள ஓடிட்டு வர்றேன். வேற யாரோடதையோ தலையில கட்டிட்டான், நாலு வார்த்தை நல்லாக் கேட்டுட்டு வர்றேன்.

— அவரை ஒண்ணும் கேக்காதீங்க. திங்கட்கிழமை உங்க சட்டையைத் துவைக்கப் போட்டப்ப டாக்டர் சீட்டு கைக்கு வந்துச்சு. நெஞ்சு இருக்குற நிலைமைக்குத் தண்ணிக்குள்ள இறங்கவே கூடாதுன்னு எழுதியிருக்கார். நீங்களா வாயைத் திறப்பீங்கன்னு நாலு நாளாச் செத்துச் செத்துப் பிழைக்கிறேன். கழட்டுங்க அதை. கடையில கொடுத்து என் அளவுக்கு நான்தான் மாத்திட்டு வந்தேன், கிழிச்சுட்டீங்கன்னா நாளைக்குப் பிள்ளைங்களோட எதைப் போட்டுக்கிட்டு இறங்குறது?