தொப்பியில் தண்ணீர் சுமந்த ரயில் முதலாளி

பட்டிலே பூவையும் பேச்சிலே பொறுமையையும் நெய்யத் தெரிந்த தலைவர் திருஞானசம்பந்தம் அவர்களே! படிப்பகத்துக்கு பெஞ்சு வாங்கித் தந்து, அதே பெஞ்சிலே பகலெல்லாம் கண்ணயரும் பெரியவர் வீரபத்திரன் அவர்களே! தறிக்குழியை விட்டு ஏறி வந்த தோழர்களே! அடுப்பை அணைத்துவிட்டு வந்த தாய்மார்களே... அணைத்தீர்கள் அல்லவா? அனைவருக்கும் என் வணக்கம்!

நெசவாளர் படிப்பக ஆண்டு விழாவிலே, அமெரிக்க முதலாளி ஆம்ப்ரோஸ் டில்லிங்கைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நூறாண்டுக்கு முன் வாழ்ந்தவர். வட்டிக்கடையிலே வளர்ந்தார், வங்கி கண்டார், வங்கியின் வலிமையால் நூறு மைல் இருப்புப்பாதைக்குத் தலைவரானார்! ஆள் ஐந்தடி, பட்டுத் தொப்பியோடு ஆறரை!

அவர் பாதையிலே ஒரு குக்கிராமம். அந்த ஊரார் அவருடைய ரயில் கம்பெனியிலே பங்கு வாங்கவில்லை. வந்ததே கோபம்! "அங்கே என் ரயில் நிற்காது!" என்றார்.

என்ன அய்யா? நம் முசரவாக்கத்திலும் பஸ் நிற்பதில்லை என்கிறீரா? பொறும், முதலில் அமெரிக்காவிலே நிறுத்திவிட்டு வருகிறேன்!

அந்த ஊரிலே மார்த்தா என்றொரு பால்காரம்மா. நேரே வங்கிக்கே போனாள். நம் ஊர்ப் பேச்சிலே சொல்கிறேன்: "சாமி, என் பொண்ணு மாசமா இருக்குது. டவுனு டாக்டர்கிட்ட போக வண்டியில ரெண்டு நாளு ஆவுது. ரயிலு ஒரு நிமிஷம் நின்னா போதும்பா."

டில்லிங் சொன்னார்: "என் நிமிஷத்தின் விலை உனக்குத் தெரியுமா?"

மார்த்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

வந்தது திறப்பு விழா! வாத்தியம் முழங்க, வாழ்த்தொலி பொங்க, வண்டி புறப்பட்டது. வழியிலே தண்ணீர் பிடிக்க டிரைவர் நிறுத்தப் பார்த்தார். "நேரம் வீண், ஓட்டு!" என்றார் டில்லிங். டிரைவர் ஓட்டினார். கொதிகலன் வறண்டது. புஸ்ஸென்று ஒரு மூச்சு; நின்றது ரயில்! எங்கே நின்றது? மார்த்தாவின் மாட்டுக்கொட்டகைக்கு எதிரே!

"இன்னா சாமி, நிக்காத வண்டி நின்னுக்கினு இருக்குது?"

"தண்ணீர் வேண்டும், தாயே. என்ன விலை?"

"தண்ணிக்கு யார்னா விலை சொல்வாங்களா? கிணறு அதோ. வாளிதான் ஒண்ணே ஒண்ணு."

இறைத்தார்கள்! கூட வந்த மேயர் கோட்டைக் கழற்றி இறைத்தார், வாத்தியக்காரர் ஊதுகுழலிலே மொண்டு வந்தார். வங்கி கண்ட வள்ளல், பட்டுத் தொப்பியிலே தண்ணீர் சுமந்தார்! பாதி இஞ்சினுக்கு, பாதி கால்சட்டைக்கு!

அப்போதுதான் வீட்டுக்குள்ளிருந்து ஓர் அலறல். மகளுக்கு வலி கண்டுவிட்டது.

தாய்மார்களே, டில்லிங்கின் கையிலிருந்த தொப்பி நழுவியது. "என் பெட்டியிலே ஏற்றுங்கள்!" என்று கத்தினார். வெல்வெட் மெத்தையிலே அவள். கரி அள்ளும் இடத்திலே முதலாளி! டவுனிலே மாலையோடு நின்ற மகாஜனங்கள் கேட்ட முதல் சொற்பொழிவு, குவா குவா!

மறுநாள் டில்லிங்கே பலகையும் சுத்தியலுமாக அந்த ஊருக்கு வந்தார். "ரயில் இங்கே ஒரு நிமிஷம் நிற்கும்" என்று எழுதிய பலகையை ஆணியடித்து மாட்டினார்.

மார்த்தா பார்த்தாள். "பால் கேனு ஏத்த வாணாமா சாமி?"

தலையைச் சொறிந்தார் முதலாளி. 'ஒரு நிமிஷ'த்தை அடித்துவிட்டு எழுதினார்: "இரண்டு நிமிஷம்."

நண்பர்களே! பணத்தால் பாதை போடலாம். பக்கத்தில் இருப்பவன் படும் பாட்டைக் கேட்க, பணம் போதாது, காது வேண்டும்! அந்தக் காது அவருக்கு ஐம்பத்தைந்து வயதிலே முளைத்தது. நமக்கு இன்றைக்கே முளைக்கட்டும்!

ஒலிபெருக்கியைச் சீறாமல் காத்த தம்பி கந்தனுக்கும், கொட்டாவியைக் கைக்குள் மறைத்த உங்களுக்கும் நன்றி சொல்லி, கும்பிட்டு இறங்குகிறேன்!