கல்யாண வீட்டுக்குப் பின்னால் சத்தம் கூடாது

நல்ல வாளி என்றால் அதன் மூடி இறுக்கமாக இருக்க வேண்டும், மேடம். வாழ்க்கையில் நான் வேறெதற்கும் பெரிதாக ஆசைப்பட்டதில்லை. மூடி இறுக்கமாக இருந்தால் வாடை வெளியே வராது. வண்டி குலுங்கினாலும் சிந்தாது. பக்கத்து வீட்டுக்காரர் தோட்டத்திலிருந்து கையசைத்தால் நாமும் நிம்மதியாகக் கையசைத்துவிட்டுப் போகலாம். உள்ளே இருப்பது மான் குடல் என்று அவருக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை.

பிட்ஸ்பர்க்குக்கு வடக்கே எங்கள் தெருக்களுக்கு நடுவில் இன்னும் கொஞ்சம் காடு மிச்சமிருப்பது உங்களுக்குத் தெரியும். மான்கள் ரோஜாச் செடிகளை மொட்டையடிக்கின்றன, கார்களில் வந்து மோதுகின்றன. அதனால் வில் வேட்டைக்கு அனுமதி உண்டு. ஆனால் நிலத்துக்காரர் சம்மதிக்க வேண்டும். எங்கள் சரிவில் அத்தனை வீட்டுக்காரர்களும் இந்த வென்டல் குஸ்மாவுக்குச் சம்மதம் தந்திருந்தார்கள். நான் வேட்டையாடுகிறேன் என்பதே அவர்களுக்குப் பாதி மறந்துபோயிருந்தது என்பதுதான் அதற்குக் காரணம். விழுந்த மானை உடனே போர்த்திவிடுவேன். யாருடைய புல்வெளி மீதும் இழுக்க மாட்டேன், ஓடைப்பக்கமாகச் சுற்றிப் போவேன். ரத்தம் பட்ட இலைகளைக்கூடக் குடலோடு சேர்த்து அள்ளிக்கொண்டு போய்விடுவேன். கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வீடு மான் சாசேஜ் கொடுப்பேன். என் மனைவி ரோஸ்லின் போன பிறகு, அந்தக் கையசைப்புகள்தான் எனக்கு மிச்சமிருந்த சொந்தபந்தம்.

பிறகு லைல் பென்னர் மேல்தெருவுக்குக் குடிவந்தான். தனியாள், கலகலப்பானவன், நன்றாகக் குறிபார்த்து எய்வான். அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் மானை விழுந்த இடத்திலேயே கிழித்து, குடலை அப்படியே போட்டுவிட்டுப் போவான். முதல் மானைத் தன் வீட்டுக் கூடைப்பந்து வளையத்தில் தலைகீழாகத் தொங்கவிட்டான். பள்ளிப் பேருந்து நிற்கும் இடத்துக்கு நேர் எதிரே. குழந்தைகள் அதற்கு ஒரு பெயர்கூட வைத்துவிட்டார்கள்.

ஆனாலும், மேடம், கார்லா வீட்டு விருந்தில் நடந்ததை நினைத்தால் எனக்கு இன்னமும் சிரிப்பு வருகிறது. கார்லா ஓஸ்ட்ராண்டரின் வீட்டுப் பின்பக்கம் காட்டை ஒட்டியது. அவள் மகள் நாடீனுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, பெண்களெல்லாம் கூடிப் பரிசுகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளைக் கம்பளம், வெள்ளை நாற்காலி, வெள்ளை கேக். பிஸ்கட் என்று கூப்பிடும் அவர்கள் வீட்டு நாய் வாலை ஆட்டிக்கொண்டு உள்ளே வந்து, எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, மணப்பெண்ணின் மடியில், லைல் காட்டில் போட்டுவிட்டுப் போன ஒரு மான் காலை வைத்தது. குளம்போடு. மாப்பிள்ளையின் அத்தை மயங்கிக் கேக் மேலேயே சரிந்தாள். நான் மேசையைச் சரிசெய்யப் போனவன், கதவுக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினேன்.

கார்லாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"வென்டல், கல்யாணம் எங்க பின்தோட்டத்துலதான். அன்னிக்கு அந்த ஆளோட சங்கதி எதுவும் என் பக்கம் வரக்கூடாது. ஒரு முடி, ஒரு சொட்டு, ஒரு சத்தம்கூட."

"நான் பேசிப் பாக்கறேன், கார்லா."

"பாக்கறேன் கீக்கறேன்லாம் வேணாம். ஏதாவது ஆச்சுன்னா ஊர்ச்சபைல போய் உங்க எல்லாருக்கும் சேத்துத் தடை வாங்கிருவேன். உங்களுக்கும்தான். எனக்கு வேற வழியில்ல."

சொல்லிவிட்டு என் தோளைத் தட்டினாள். நல்ல மனசு அவளுக்கு.

நான் லைலிடம் போனேன். கையில் ஒரு புது வாளியும் ஒரு தார்ப்பாயும் பரிசாகக் கொண்டுபோனேன். அவன் வாளிக்குள் எட்டிப் பார்த்தான்.

"என்ன பெருசு, குடலுக்குத் தொட்டில் கட்டித் தாலாட்டணுமா?"

"பக்கத்துல வீடுங்க இருக்கு லைல். நம்மள நம்பித்தான் விட்டிருக்காங்க. நாடீன் கல்யாணம் நடக்கிற சனிக்கிழமை ஒருநாள் மட்டும் காட்டுக்குப் போகாதப்பா."

"அக்டோபர் கடைசி சனிக்கிழமையா? ஆண் மானெல்லாம் பொண்ணு தேடிச் சுத்துற நேரம்யா அது. கல்யாண ஆசை அந்த நாடீனுக்கு மட்டுந்தானா? அதுங்களுக்கும் இருக்காதா?"

சொன்னது நன்றாகத்தான் இருந்தது. நானும் சிரித்தேன். வாளியை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

கார்லா வீட்டு வேலியைத் தாண்டியதும் ஒரு ஓக் மரம். அதன் உச்சியில்தான் அவன் உட்காரும் பலகை, ஒரு நாடாவால் மரத்தோடு கட்டியிருக்கும். இடுப்பில் பாதுகாப்பு வார் மாட்டும் பழக்கம் அவனுக்கு இல்லை. அது எல்லாருக்கும் தெரியும், பலமுறை சொல்லியும் பார்த்தாயிற்று. கல்யாணத்துக்கு முந்தைய நாள் நான் ஏறி அந்த நாடாவை முக்கால்வாசி அறுத்தேன். அறுந்திருப்பதைப் பார்த்தால் இறங்கி வீட்டுக்குப் போய்விடுவான் என்று நினைத்தேன். ஆனால் பார்த்தால் மனம் புண்படுவானே என்று மரத்தின் பின்பக்கமாக, கண்ணில் படாத இடத்தில் அறுத்தேன்.

சனிக்கிழமை எப்படிப்பட்ட நாள் தெரியுமா, மேடம். மரமெல்லாம் பொன்னும் சிவப்புமாக எரிந்துகொண்டிருந்தது. கோட்டுப் போட்டுக்கொண்டு கடைசி வரிசையில், காட்டுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தேன். வயலின் ஆரம்பித்தது, நாடீன் நடந்து வந்தாள். அப்போது பின்னால் பொத்தென்று ஒரு சத்தம். எல்லாரும் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், யாரும் திரும்பவில்லை. நான் மெல்ல எழுந்து போனேன்.

லைல் மல்லாந்து கிடந்தான். இலைகள் மெத்தையாக இருந்ததால் நினைவோடுதான் இருந்தான்.

"வென்டல்... இடுப்புக்குக் கீழ எதுவும் தெரியலய்யா. ஆம்புலன்ஸ் கூப்புடு."

"கூப்புடறேம்ப்பா. மெதுவாப் பேசு. மோதிரம் மாத்தப் போறாங்க."

"இப்பவே கூப்புடுய்யா. ஐயோ, வலிக்குதுய்யா."

அவனுக்கு இயல்பிலேயே குரல் பெரிது. மேலும் கத்தத் தொடங்கினான். நான் பக்கத்தில் மண்டியிட்டு, அவன் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, வாயையும் மூக்கையும் உள்ளங்கையால் மூடினேன். சைரன் வந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மணப்பெண் அழுதிருப்பாள். எங்கள் பாதிரியார் சுருக்கமாகப் பேசுகிறவர் இல்லை. பொறுமையே இல்லறத்தின் அஸ்திவாரம் என்று தொடங்கி, மாப்பிள்ளை முதன்முதலாக மீன்பிடிக்கப் போய்த் தன் காதிலேயே தூண்டிலை மாட்டிக்கொண்ட கதை வரைக்கும் போய்விட்டார். தோட்டமே சிரித்தது. எனக்கும் தாங்க முடியவில்லை. நான் குலுங்கியதில் லைலின் தலையும் குலுங்கியது. பிறகு எல்லாரும் கைதட்டி ஆரவாரம் செய்தார்கள், முத்தம் கொடுத்துவிட்டார்கள் என்று புரிந்தது. கையை எடுத்தேன். அவன் அமைதியாக இருந்தான். அன்றைக்கு அவன் அவ்வளவு ஒத்துழைப்பான் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அவன் கண்களை மூடிவிட்டு, உடம்பை இலைகளால் நன்றாகப் போர்த்தினேன். விருந்தினர்கள் கூடாரத்துக்குள் போனதும் என் வண்டியிலிருந்து தார்ப்பாயைக் கொண்டுவந்து சுற்றி, ஓடைப்பக்கமாக இழுத்துக்கொண்டு போனேன். வழியில் ஒரு பூந்தொட்டிகூடச் சாயவில்லை. என் கராஜில் இறைச்சிக்கென்று ஒரு குளிர் அறை இருக்கிறது. அங்கே ஒரு மூலையை ஒழித்து, முகம் துடைத்து, தலைக்கு ஒரு துண்டு மடித்து வைத்தேன். சட்டையை மாற்றிக்கொண்டு திரும்பியபோது கேக்கைக்கூட இன்னும் வெட்டியிருக்கவில்லை.

அதன் பிறகு எனக்கு என்ன ஆயிற்றோ தெரியவில்லை, மேடம். கால்கள் தரையில் பாவவில்லை. அத்தைமார்கள் சுட்டு அடுக்கியிருந்த பிஸ்கட் மேசையில் ஒவ்வொரு தட்டிலும் ஒன்று எடுத்துத் தின்றேன். போல்கா நடனப் பாட்டு வாசித்தார்கள். கார்லாவைச் சுழற்றிச் சுழற்றி ஆடினேன். மயங்கி விழுந்த அத்தையோடும் ஆடினேன். ரோஸ்லின் போன பிறகு நான் ஆடியதே இல்லை. தலை கிறுகிறுவென்று சுற்றியது, சிரித்துச் சிரித்து விலா வலித்தது. நாடீன் ஓடிவந்து என் கன்னத்தில் முத்தமிட்டாள்.

"அங்கிள், இன்னிக்கு ஒரு மான் ரோமம்கூட கண்ணுல படல. எப்படிப் பண்ணீங்க?"

"அந்த ஆள்கிட்ட பேசுனேம்மா. நல்லபடியா கேட்டுக்கிட்டான்."

தேனிலவு விமானம் கிளம்பிவிட்டது என்று கார்லா சொன்ன பிறகுதான் உங்களுக்குத் தொலைபேசி செய்தேன். அதற்கு முன்னால் செய்திருந்தால் மரியாதையாக இருந்திருக்காது. உங்கள் ஆட்கள் வரும்போது விளக்கைச் சுழலவிடாமல் வரச் சொன்னதும் அதனால்தான். அவர்கள் கேட்கவில்லை, தெருவே வெளியே வந்துவிட்டது. இப்போது யாரும் கையசைக்க மாட்டேன் என்கிறார்கள். அதிர்ச்சியில் இருக்கிறார்கள், போகப் போகப் புரிந்துகொள்வார்கள். லைல் பென்னரைக் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லாமல் கொன்றேன் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

என் உள்ளங்கையில் இந்தக் கட்டு எதற்கு என்று கேட்டீர்கள். கடித்தது அவன்தான், எலும்பு தெரியக் கடித்துவிட்டான். பாதிரியார் ஆமென் சொல்லும்வரை பல்லை எடுக்கவே இல்லை. வலியில் என்ன செய்கிறோம் என்று அவனுக்கே தெரிந்திருக்காது, பாவம். நான் அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை, அங்கேயே அவனை மன்னித்துவிட்டேன்.