நான்காம் மெஷினின் கதவு

எங்கள் கேண்டீனில் மீ கோரெங் நூடுல்ஸ் நன்றாக இருக்கும், ரோஹானா அக்கா. ஃபேக்டரியிலேயே அங்கே மட்டும்தான் சன்னலும் உண்டு. பாதுகாப்பு அதிகாரி என்பதால் நீங்கள் மாடியிலேயே சாப்பிட்டுவிடுகிறீர்கள். விஷயம் அங்கேதான் தொடங்கியது.

பிளாஸ்டிக் மூடியை அச்சிலிருந்து எடுத்ததும், ஆறும்வரை கட்டையால் அழுத்தி வைக்க வேண்டும். இல்லையென்றால் அது தன் இஷ்டத்துக்கு வளைந்துகொள்ளும். ஒருநாள் மறந்துவிட்டேன். சூப்பர்வைசர் குகன் அண்ணன், வளைந்த மூடி ஒன்றைக் கேண்டீனுக்கே கொண்டுவந்து என் தலையில் கவிழ்த்தார்.

"பாருங்க லா, கார்த்திகேசு மண்டைக்கு அளவெடுத்துச் செஞ்ச மாதிரியே இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கோபமெல்லாம் இல்லை.

பிறகு என்னை ரிப்பேர் பிரிவுக்கு மாற்றினார்கள். நான்காம் மெஷினின் பாதுகாப்புக் கதவும் பிளாஸ்டிக்தான். அது சரியாக மூடி ஸ்விட்சை அழுத்தினால்தான் மெஷின் ஓடும். அதன் ஓரத்தில், சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னைக் காட்டினேன். மெதுவாகத்தான், அவசரப்பட்டால் கொப்புளம் வந்துவிடும். ஒரு விரற்கடை வளைந்தது. மெஷின் நின்று நின்று ஓடியது.

"டேய், கதவ சரி பண்ணுடா" என்றார் குகன் அண்ணன்.

"புதுக் கதவு இன்னும் வரலண்ணே."

"அதுவரைக்கும் டார்கெட்ட உங்கப்பனா வந்து முடிப்பான்? ஸ்விட்ச அமுக்கி டேப்ப ஒட்டு லா."

"வேணாண்ணே, கை போயிடும்."

எச்சரித்தேன், அக்கா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். டேப்பை அவரே ஒட்டினார். நிற்கிற மெஷினுக்கு இங்கே எல்லோரும் பார்க்கிற வைத்தியம் அதுதான். அது தெரிந்துதான் வளைத்தேன். மறுநாள் அச்சில் ஒரு மூடி சிக்கியது. கதவைத் திறந்து கையை விட்டார். திறந்திருப்பது மெஷினுக்குத் தெரியவில்லை.

தைப்பூசத்தில் உறுமி அடிப்பவர் அவர். போனது வலது கை.

சுங்கை பினாங்கில் அவர் வீட்டுக்கு ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனேன். ஒற்றைக் கையால் உரிக்கத் திணறினார். நானே உரித்து, விதை நீக்கிக் கொடுத்தேன். "நீ சொன்னத கேட்டிருக்கணும் தம்பி" என்று அழுதார். எனக்கு மனசு லேசானது.

ஆக, கதவை வளைத்தது நான். கையை எடுத்தது மெஷின். எனக்கு யார்மீதும் பகை கிடையாது.

அன்று கேண்டீனில் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் ஷஃபீக். இப்போது நான்காம் மெஷின் அவனிடம்தான் இருக்கிறது. புதுக் கதவும் லேசாக வளைந்திருக்கிறதே என்று கேட்கிறீர்கள்.

வெயில் அப்படி அடிக்கிறது, அக்கா.