கறுப்புக் கயிறு கட்டிய கல்

கட்டட வரலாற்றிலும் தோட்ட வரலாற்றிலும் மூழ்கி மூச்சு விடவும் மறந்திருக்கும் அறிஞர் பெருமக்கள் அனைவருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது: வெளிநாட்டில் ஓராண்டு தங்கிப் பாசியைக் குறித்துச் சிந்திப்பதற்கான ஆய்வு நல்கை, இவ்வாண்டு ஒரே ஒருவருக்கு.

வாசகம் என்னுடையதுதான், இன்ஸ்பெக்டர் ஐயா. மூச்சு விடுவதை மட்டும் அச்சில் எடுத்துவிட்டேன். கியோட்டோவில் எங்கள் தோட்ட வரலாற்றுக் கழகத்தின் செய்தி மடலைப் பல வருஷமாக நடத்துகிறேன். எங்கே கருத்தரங்கு, எங்கே வேலை காலி, யார் காலமானார், எல்லாம் என் கை வழியாகத்தான் போகும். மற்றவர்களுக்கு வாய்ப்புகளை அறிவித்தே எனக்கு முடி நரைத்தது. இந்த ஒன்றை நானே எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். இதை ஆசை என்று எழுதிக்கொள்ளாதீர்கள். நியாயம்.

எங்கள் கழகத்து ஹினுமா குறுக்கே வந்தார். என்னைவிட இளையவர். எல்லோரும் என்னை ஆசானுக்குரிய மரியாதையோடு 'சென்செய்' என்பார்கள். அவர் மட்டும் வெறும் 'சான்' என்பார், காய்கறிக் கடைக்காரரைக் கூப்பிடுவது போல. கழக விருந்தில் எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார்:

"செரிசாவா-சான், நீங்க ஆராய்ச்சி பண்றவரா, இல்ல ஆராய்ச்சிக்கு விளம்பரம் போடறவரா? நல்கைக்கு நானும் எழுதிப் போட்டிருக்கேன். கிடைச்சதும் பேரைச் சரியான பக்கத்துல போடுங்க. போன தடவ என்னைச் செத்தவங்க பக்கத்துல போட்டுட்டீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தத் தடவை அது உண்மையிலேயே அச்சுப் பிழைதான்.

பிறகு, மலைச்சரிவுக் கோயில் தோட்டத்துக்குக் கழகம் போனது. அங்கே நடைக்கற்கள் பதித்த பாதை இரண்டாகப் பிரியும். வலப்பக்கம் தேநீர்க் குடில். இடப்பக்கம், பள்ளத்தாக்குக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் நிலாப் பார்க்கும் மேடை. மேடையின் மரம் உளுத்துவிட்டதால் கோயில் துறவி இடப்பக்கம் தடைக்கல் வைத்திருந்தார். கறுப்புக் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டிய சின்னக் கல். இந்த வழி வராதே என்று பொருள். பலகையோ வேலியோ வைப்பது அநாகரிகம்.

துறவிக்கு வணக்கம் சொல்ல வேண்டும் என்று முன்னால் போனேன். கல்லை எடுத்து வலப்பக்கம் வைத்தேன். கனமே இல்லை. திரும்பிப் போய்க் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டேன்.

வழக்கம்போல ஹினுமாதான் கூட்டத்துக்கு வழிகாட்டிக்கொண்டு முன்னால் வந்தார். கல்லைப் பார்த்ததும் நின்றார்.

"பாருங்க, கல்லு வெச்சிருக்கு. டூரிஸ்ட்டுன்னா தாண்டிப் போயிடுவான். தோட்டம் படிச்சவன் போக மாட்டான். என்ன செரிசாவா-சான், இதையும் மடல்ல போடுவீங்களா?"

"போடறேன்" என்றேன்.

இடப்பக்கம் திரும்பினார். சுற்றுலாப் பயணியாக இருந்தால் பிழைத்திருப்பார். அவரைக் கொன்றது அவருடைய பண்பு. அதில் என் பங்கு என்ன இருக்கிறது?

பின்னாலேயே போன பொருளாளர் சுபோஉச்சி அம்மையாரைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அவருக்கும் பண்பு தெரியும். "வழுக்கும், பாத்துப் போங்கம்மா" என்று நான் சொன்னதற்குச் சாட்சி இருக்கிறது. இரண்டு இரங்கல் குறிப்புகளும் நன்றாக வந்திருக்கின்றன. படித்துப் பாருங்கள்.

இன்று காலை என் விண்ணப்பம் திரும்பி வந்தது. நல்கைக்கு வயது வரம்பு நாற்பத்தைந்து. அந்த வரியையும் நான்தான் அச்சுக்குக் கொடுத்திருந்தேன். எனக்கு ஐம்பத்து மூன்று.