வெண்டலின் மூக்கு

பீரை ஐஸ் மாதிரிக் குளிரவைத்துக் குடிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் வருத்தமாக இருக்கும். குளிரில் நாக்கு மரத்துப்போகும். மால்ட் தானியத்தின் இனிப்பும் தெரியாது, ஹாப்ஸ் பூவின் கசப்பும் தெரியாது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்துச் சற்று நேரம் மேசையில் வைத்து, குளிர் விட்ட பிறகு ஊற்ற வேண்டும். நான் எதையும் அவசரப்பட்டுச் செய்கிறவன் இல்லை என்பது உங்களுக்குத் தெரியவேண்டும் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன், மேடம். நீங்கள் கேட்டதற்கும் நிதானமாகவே பதில் சொல்கிறேன்.

நான் ஓய்வு பெறும்வரை பால் தொழிற்சாலையில் பாலைச் சூடாக்கும் பிரிவில் இருந்தேன். என் மனைவி என்னை விட்டுப்போன பிறகு எனக்கென்று மிஞ்சியது மாதத்தில் ஒரு சனிக்கிழமைதான். கஸ் டெர்ப்ஸ்ட்ராவின் கொட்டகையில், விறகு அடுப்பைச் சுற்றி ஆறேழு பேர் உட்காருவோம். வெர்மான்ட், ஆரிகன், விஸ்கான்சின் என்று எங்களைப் போலவே பீர்ப் பைத்தியம் பிடித்தவர்கள் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள். அவர்கள் ஊர்ச் சின்ன ஆலைகளில் வடித்ததை எங்களுக்குப் பெட்டி கட்டி அனுப்புவார்கள். எங்கள் மிச்சிகன் சரக்கை நாங்கள் அவர்களுக்கு அனுப்புவோம். வந்த பாட்டிலைக் கழுத்துவரை பழுப்புக் காகிதப் பையில் நுழைத்து, ரப்பர் பேண்டு போட்டு, மூடிக்குக் கறுப்புச் சாயம் அடித்துவிடுவோம். லேபிளைப் பார்த்து நாக்கு பொய் சொல்லக் கூடாது இல்லையா? குடித்துவிட்டு, என்ன வகை, எந்த மாநிலம், எவ்வளவு காட்டம் என்று சொல்ல வேண்டும். தோற்றவன் கிளாஸ்களைக் கழுவ வேண்டும்.

வெண்டல் கைப்பர் கிளாஸ் கழுவி நான் பார்த்ததே இல்லை. மாவட்டச் சாலைகளில் பனி தள்ளும் லாரி ஓட்டுபவன். ஆள் கதவு அகலம் இருப்பான், சிரித்தால் கொட்டகையின் தகரம் அதிரும். கிளாஸை வாயருகே கொண்டுபோவதற்கு முன்பே பாதி விஷயத்தை மூக்காலேயே சொல்லிவிடுவான். நான் இரண்டாவதாக வருவேன். வருடா வருடம் இரண்டாவது. அது ஒன்றும் மோசமான இடமில்லை என்று எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"என்னடா ஹார்லன், நாக்க அந்தப் பால் கம்பெனியிலயே அடகு வச்சிட்டு வந்துட்டியா?" என்பான்.

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அவன் மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு பேசுகிறவன் இல்லை. அதுதான் சில சமயம் தாங்க முடியாமல் இருந்தது.

போன வருடத்துக்கு முந்தைய குளிர்காலத்தில் அவன் ரத்தமாக வாந்தி எடுத்தான். ஈரல் கெட்டுவிட்டது. இனி ஒரு துளி உள்ளே போனாலும் தன்னிடம் வர வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே காய்ச்சலும் சேர்ந்துகொண்டு ஆளை உருக்கிப்போட்டது. வீட்டுக்கு வந்ததும் அவன் மனைவி மார்லிஸ் இருந்ததையெல்லாம் தொட்டியில் கொட்டினாள். அவனும் விட்டுவிட்டான். அரைகுறையாக இல்லை, முழுசாக. நான் வேறு எதைச் சொன்னாலும் நம்பாதீர்கள், அதை நம்புங்கள்.

ஆனால் கொட்டகைக்கு வருவதை மட்டும் அவனால் விட முடியவில்லை. ஓரத்தில் காபி கோப்பையோடு உட்கார்ந்து எங்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பான். கஸ்ஸுக்குத்தான் அது பொறுக்கவில்லை. நான் ஒரு வழி சொன்னேன். பீரைக் கொதிக்கவிடாமல் மெல்லச் சூடாக்கினால் சாராயம் முதலில் ஆவியாகிப் போய்விடும். பிறகு ஆறவைத்து வாயு ஏற்றிக்கொள்ளலாம். ருசியில் கொஞ்சம் போகும், ஆனால் எந்த பீர் என்று அடையாளம் தெரியும். எனவே எல்லாப் பாட்டிலையும் ஜோடியாக அனுப்பச் சொன்னோம். ஒன்று மற்றவர்களுக்கு. இன்னொன்றை நான் வீட்டில் சூடாக்கி, நீல ரப்பர் பேண்டு போட்டு வெண்டலுக்குக் கொண்டுவருவேன்.

சூடாக்குகிறவன் லேபிளைப் பார்த்துத்தானே ஆக வேண்டும். ஆகவே நான் இனி ருசி பார்க்க உட்கார முடியாது. ஊற்றிக்கொடுக்கிறவன் ஆனேன். யாரும் என்னைக் கேட்கவில்லை, நானாகச் சொன்னேன். கஸ் என் தோளைத் தட்டினான். வெண்டலின் கண் கலங்கியது. அன்று மாலை மார்லிஸ் என் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டாள்.

"ஹார்லன், அவரோட உசிரு இனிமே உன் அடுப்புலதான் இருக்கு. பாத்துக்கோ."

"பால்ல ஒரு கிருமியத் தப்பவிட்டவன் இல்ல நான். அப்படியே தப்பினாலும் அவன் மூக்கத் தாண்டி உள்ள போயிடுமா?"

அவள் முகத்தில் அன்றுதான் சிரிப்பைப் பார்த்தேன். "அதுவும் சரிதான். அந்த மூக்குக்குத் தெரியாம வீட்ல சோப்பு மாத்த முடிஞ்சதே இல்ல என்னால."

இப்படி அவனுக்கு இரண்டு காவல். ஒன்று என் அடுப்பு, இன்னொன்று அவன் மூக்கு. ஒன்று தூங்கினாலும் மற்றது விழித்திருக்கும் என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள்.

சூடாக்கிய பீரை வைத்துக்கொண்டும் அவனே ஜெயித்தான். சாராயம் போய், பாதி வாசனையும் போன அந்தத் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு, நான் ஊற்றுவதைப் பார்த்தபடியே, "ஓட்ஸ் போட்ட கறுப்பு ஸ்டவுட். கிழக்குப் பக்கம். மெயின் மாநிலமா?" என்பான். சரியாக இருக்கும். முழு பீரைக் குடித்தவர்கள் மூக்கின்மேல் விரல் வைப்பார்கள். நான் அடுத்த பையைப் பிரிப்பேன்.

அவனுக்கு நான் சூட்டைக் குறைத்தது நவம்பரில் மான் வேட்டைக்காலம் தொடங்கியபோது. ஏன் குறைத்தேன் என்றுதானே கேட்டீர்கள்? அவன் சிரிப்பு பழையபடி இல்லை, மேடம். ஆள் வருகிறான், ஜெயிக்கிறான், ஆனால் ஏதோ பயத்தோடேயே உட்கார்ந்திருக்கிறான். கொஞ்சம் உயிருள்ள பீர் உள்ளே போனால் பழைய வெண்டல் திரும்பிவிடுவான் என்று நினைத்தேன். அடுப்பிலிருந்து சற்று முன்னாலேயே இறக்கினேன். அன்று அவன் சொன்ன ஒரு ஜோக்குக்குக் கஸ் நாற்காலியோடு சரிந்தான். அடுத்த மாதம் இன்னும் முன்னால் இறக்கினேன். புது வருடம் பிறந்த பிறகு நான் அடுப்பையே பற்றவைக்கவில்லை. பையை மாற்றி நீல பேண்டு போடுவது மட்டும்தான் வேலை. வீட்டில் பழகிப் பார்க்கட்டும் என்று கையிலும் சில பாட்டில்கள் கொடுத்தனுப்பினேன்.

ஒருமுறை அவன் கேட்டான். அதையும் மறைக்கவில்லை.

"ஏண்டா, இத நல்லா சுட வச்சியா? காதெல்லாம் சூடாவுது."

"கஸ்ஸோட அடுப்ப அணைச்சிக்கிட்டு உக்காந்தா பின்ன குளிருமா?"

"அதுவும் சரிதான்," என்று நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டான்.

உலகத்திலேயே சிறந்த மூக்கு ஒன்று கிளாஸில் இருக்கிறது. அதில் இருப்பது பிடிக்காவிட்டால் அது விலகிக்கொள்ளும். விலகவில்லை என்றால், குடிப்பவன் தெரிந்தேதான் குடிக்கிறான், தெரியாதது போல இருக்க அவனுக்கு ஒரு சாக்கு வேண்டும், அந்தச் சாக்குதான் நான். இப்படித்தான் யோசித்தேன். நீங்களே சொல்லுங்கள், கேட்பதற்கு நியாயமாகத்தானே இருக்கிறது?

பனி உருகத் தொடங்கிய சமயம் அவன் என் வீட்டுக்கு வந்தான். வழியெல்லாம் உப்புச் சேறு, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் வந்து உட்கார்ந்தான்.

"ஹார்லன், எனக்கு என்னமோ ஆகுதுடா. காலைல எந்திரிச்சதும் உடம்பு அதக் கேக்குது. ஒரு சொட்டுத் தொட்டதில்ல, சத்தியமா. தொடாமயே எப்படிடா கேக்கும்?"

"மனசுதான். லாரில தனியா உக்காந்து கண்டதையும் யோசிக்கிற."

"பைத்தியம் பிடிக்குதோன்னு பயமா இருக்குடா."

அவனுக்கு முட்டை பொரித்துக் கொடுத்தேன். சாப்பிட்டுவிட்டு, நீ இருக்கிறதால்தான் நான் சமாளிக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். அது எனக்கு ஆறுதலாக இருந்தது. மனிதனுக்கு யாராவது ஒருவன் தேவைப்படுவது நல்ல விஷயம்தானே.

அதற்கடுத்த வாரம் டாக்டர் ரத்தத்தைச் சோதித்தார். சாராயம் இருந்தது. அவன் வேலை பார்த்த ஆபீஸில் லாரிச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். குடிக்கவே இல்லை என்று அவன் அழுதிருக்கிறான். குடிகாரன் எல்லோரும் அப்படித்தான் அழுவான், அதனால் டாக்டரும் நம்பவில்லை, மார்லிஸும் நம்பவில்லை. அவள் எனக்குப் போன் செய்தாள்.

"உண்மையச் சொல்லு ஹார்லன். உன் பாட்டில்ல ஏதாச்சும் தப்பியிருக்குமா? ஒரே ஒரு தடவையாவது?"

"எல்லாத்தையும் நானே சுட வச்சு, நானே சரிபாத்துக் கொடுக்கிறேன் மார்லிஸ். அப்படி ஏதாவது இருந்தா அவன் மூக்கே காட்டிக்கொடுத்திருக்கும்."

"அப்ப அவருதான் என்கிட்ட பொய் சொல்றாரு," என்றாள்.

நான் அதை மறுக்கவில்லை. அன்றே அவள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். பொய்யன் என்று பெயர் வாங்கியாகிவிட்டது, இனி குடிக்காமல் இருந்து என்ன லாபம் என்று வெண்டலுக்குத் தோன்றியிருக்க வேண்டும். அதன்பிறகு அவனே கடைக்குப் போய் வாங்கினான். அந்தப் பாட்டில்களுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்பதை வாக்குமூலத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஈஸ்டருக்கு முந்தைய நாள், கடிதம் கொடுக்க வந்த பெண் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். சமையலறைத் தரையெல்லாம் ரத்தம். அவன் குளிர்பெட்டியில் நீல பேண்டு போட்ட பாட்டில்கள் மிச்சமிருந்தன. அவற்றைச் சோதிக்கக் கொடுக்க வேண்டும் என்று மார்லிஸுக்கு எப்படித் தோன்றியதோ. இத்தனை வருடப் பழக்கத்தில் அவள் என்மேல் சந்தேகப்பட்டது வருத்தமாகத்தான் இருக்கிறது.

நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்வி ஒன்றுதான். அப்பேர்ப்பட்ட மூக்குக்கு எப்படித் தெரியாமல் போனது? சரி, சொல்லிவிடுகிறேன்.

அவன் மூக்கு செத்துப்போயிருந்தது. ஆஸ்பத்திரிக் காய்ச்சலில் போயிருக்கும். மார்லிஸிடம்கூட அவன் சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் கொட்டகையில் தனக்கு என்ன இடம் என்று பயந்திருப்பான். எனக்குத் தெரிந்தது இலையுதிர்காலத்தில், நான் சூட்டைக் குறைப்பதற்கு முன்பு. அன்று பாட்டில் மாற்றுவதில் எனக்குக் கை தவறிவிட்டது. மற்றவர்களுக்கு ஊற்றியது விஸ்கான்சினிலிருந்து வந்த புகைவாசக் கறுப்பு பீர், போர்ட்டர் என்பார்கள். வெண்டலின் நீலப் பாட்டிலில் இருந்ததோ செர்ரிப் பழம் போட்ட இன்னொரு கறுப்பு பீர். கண்ணைக் கட்டிவிட்டாலும் இரண்டையும் குழந்தைகூட முகர்ந்தே பிரித்துச் சொல்லும். எனக்கும் அப்போது தெரியாது, புகைவாசம் என்று நினைத்துக்கொண்டுதான் ஊற்றினேன். வெண்டல் ஒரு வாய் குடித்தான். என்னைப் பார்த்தான். "காபியா? கரியா? இல்ல மரப்புகையா?" என்று ஒவ்வொன்றாக இழுத்தான். என் புருவம் எப்படி அசைந்ததோ. "மரப்புகை. விஸ்கான்சின்," என்றான். எல்லோரும் கைதட்டினார்கள். எல்லோரும் போன பிறகு அவன் கிளாஸை எடுத்து முகர்ந்தேன். செர்ரி மணத்தது.

அவன் இத்தனை மாதமும் குடித்தது பீரை இல்லை, என் முகத்தை. அடுத்த முறை முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு ஊற்றினேன். அவனுக்கு வியர்த்துக் கொட்டியது, பாவம். வயிறு சரியில்லை என்று சொல்லி எழுந்து போய்விட்டான். அவனிடம் நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை. மற்றவர்களிடமும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நண்பனை நாலு பேர் நடுவில் அவமானப்படுத்துகிற பழக்கம் எனக்குக் கிடையாது. அதற்குப் பின்வந்த மாதத்திலிருந்துதான் சூட்டைக் குறைத்தேன். அவனுக்குத் தெரிய வழியில்லை என்பது எனக்குத் தெரியும். ஆம், தெரிந்துதான் செய்தேன். இப்போது உங்களுக்குப் போதுமா?

அடக்கம் முடிந்த சனிக்கிழமை, கஸ் அவன் நினைவாக எல்லோரையும் கொட்டகைக்குக் கூப்பிட்டான். இனி சூடாக்கத் தேவையில்லை என்பதால் என்னையும் மேசையில் உட்காரச் சொன்னார்கள். கஸ்ஸே ஊற்றினான். அன்று வைத்த எல்லாவற்றையும் நான் சரியாகச் சொன்னேன், ஒன்றுகூடத் தவறவில்லை. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். கஸ்ஸுக்கு அழுகை வந்துவிட்டது. "வெண்டல் இருந்திருந்தா இன்னிக்கு என்ன ஆகியிருக்குமோ," என்றான்.

அவன் இருந்திருந்தாலும் நான்தான் ஜெயித்திருப்பேன், மேடம். அதை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள்.