நாலாவது லைட்டு

இல்ல கெர்பன், சைக்கிள் சக்கரத்தோட கோணல நிமித்துறது உங்க வேல, அத நீங்க பாத்துக்குவீங்க. நான் வந்தது லைட்டுக்காக. இதுவும் பத்தல. ஆமா, தெரியும், போன வாரந்தான் மாட்டுனீங்க. கோடையில ஒண்ணு, செப்டம்பர்ல ஒண்ணு, இதோட மூணாச்சு. சிரிக்காதீங்க. இவ்வளவு பெரிய கடையில இதவிடப் பெரிய லைட்டு ஒண்ணு இல்லாமலா போயிரும்?

ஆத்துக்கு அந்தப் பக்கம் வரைக்கும் அடிக்குதுன்னா உங்களுக்கு அடிக்கும். எனக்கு அடிக்கலியே. எதிர்ல வர்றவங்க கண்ணு கூசித் திட்டுவாங்கன்னா திட்டிட்டுப் போகட்டும். திட்டு வாங்குறது எனக்கு ஒண்ணும் புதுசில்ல, ரெண்டு நாளைக்கு ஒருக்கா வாங்கிக்கிட்டுத்தான் இருக்கேன்.

சக்கரமா? அது... ஸ்டேஷன்ல நிறுத்தியிருந்தேன், யாரோ இடிச்சிட்டுப் போயிட்டாங்க. எவன்னு யாருக்குத் தெரியும். அத விடுங்க. மணி என்ன இப்ப? மூணே முக்காலா? சரி, நேரம் இருக்கு. நாலரைக்கு நான் கெளம்பிறணும், அவ்வளவுதான். குளிர்காலத்துக்குன்னு போன ஞாயித்துக்கெழம கடிகாரத்த ஒரு மணி நேரம் பின்னாடி தள்ளிட்டாங்கல்ல, அன்னையிலருந்து அஞ்சு மணிக்கே இருட்டிருது. ஒரு மணி நேரம் கூடத் தூங்கலாம்னு ஊரெல்லாம் சந்தோஷப்படுது. நான் அந்த ஞாயித்துக்கெழமைய ஆகஸ்டுலருந்தே எண்ணிக்கிட்டு இருந்தேன்.

காபியா, குடுங்க. ஒரு பிஸ்கட் எடுக்க விட்டுட்டு டப்பாவ டக்குனு மூடிட்டீங்க பாருங்க, எங்க மாமியாரும் அச்சு அசல் இப்படித்தான்.

அவசரம் என்னன்னா, அடுத்த வாரம் வியாழக்கெழம பெர்லின் போறோம். நாலு பேரு. மார்லூஸ உங்களுக்குத் தெரியும், பாலத்துக்கிட்ட பூக்கடை வெச்சிருக்காளே, அவதான். இன்னும் ரெண்டு பேரு. பள்ளிக்கூடத்துல பதினோரு வயசுல சைக்கிள் பரீட்சை வெப்பாங்கல்ல, அன்னைக்கு ஒண்ணா ஓட்டிப் பாஸானவங்க நாங்க. நவம்பர் வந்தா மூணு நாளு, ஏதாவது ஒரு ஊரு. புருஷன், புள்ள, வேல எல்லாத்தையும் இங்க விட்டுட்டு சைக்கிள மட்டும் ரயில்ல ஏத்திக்கிட்டுப் போயிருவோம். பகல் பூரா சைக்கிள். ராத்திரியும் சைக்கிள்தான், ஒரு பாருலருந்து இன்னொரு பாரு, அங்கருந்து டான்ஸ் கிளப்பு, விடிய விடிய. பன்னெண்டு வருஷமா ஒரு தடவகூட விட்டதில்ல.

நான் இல்லாம நடக்காது. திட்டம் போடுறது நான். எந்த ரயிலு, எங்க தங்குறது, எந்தத் தெருவுல திரும்புறதுன்னு நாலு பக்கம் எழுதி அனுப்பிருவேன். அரசாங்க உத்தரவு வந்திருச்சுடின்னு மார்லூஸ் கிண்டல் பண்ணுவா. ஓட்டும்போதும் முன்னாடி நாந்தான் போவேன். எப்பவும் நாந்தான் முன்னாடி.

இந்த வருஷந்தான் சண்ட. அந்த ஊர்ல பழைய விமான நிலையம் ஒண்ணு இருக்கு கெர்பன், மூடிட்டாங்க. இப்ப ஓடுபாத பூரா சைக்கிள்காரங்கதான். ரெண்டு கிலோமீட்டர் நேரா போகுது. அகலமா, வெட்டவெளியா, ஒரு கம்பங்கூடக் கெடையாது. பகல்ல ரெண்டு தடவ அங்க போறோம்னு போட்டேன். சாயங்காலம் நாலு மணிக்கு சைக்கிள எல்லாம் அறையில வெச்சிட்டு, ராத்திரிக்கு டாக்சின்னு போட்டேன். அனுப்பி அஞ்சு நிமிஷம் ஆகல, மார்லூஸ் போன் பண்ணிட்டா. என்னடி யோரிண்டே, எழுவது வயசு ஆயிருச்சா உனக்கு, ராத்திரி ஆத்தோரமா ஓட்டுறதுக்குத்தான அந்த ஊருக்கே போறோம்னா. மத்த ரெண்டு பேரும் அவ பக்கம். நானும் சும்மா சொன்னேன்டின்னு சிரிச்சிட்டேன். என்ன பண்றது?

அதுலருந்து தூக்கம் போச்சு. ராத்திரி எம்புருஷன் தெய்ஸ் தூங்கினப்புறம் கம்ப்யூட்டர்ல அந்த ஊரத் தெருத் தெருவாப் பாக்குறேன். தெருப் படம் இருக்குல்ல, அதுல. எந்தத் தெருவுல விளக்கு எத்தன அடி தள்ளி இருக்கு, ட்ராம் தண்டவாளம் எங்க குறுக்க வருது, எந்த எடத்துல பாத தண்ணிய ஒட்டிப் போகுதுன்னு ஒண்ணு விடாம எழுதி வெச்சு மனப்பாடம் பண்றேன். எதுக்கா? திட்டம்னா திட்டந்தான கெர்பன்.

அங்க போகப்போற டான்ஸ் கிளப்பு இன்னும் மோசம். இருட்டுதான் அங்க விசேஷமாம். உள்ள யாரும் போட்டோ எடுக்கக் கூடாதுன்னு போன் கேமராவுல ஸ்டிக்கர் ஒட்டிருவாங்களாம். அதனால உள்ள எப்படி இருக்குன்னு எங்க தேடினாலும் ஒரு படமில்ல. போனப் போட்டுக் கேட்டேன், உள்ள படிக்கட்டு இருக்கா, எத்தன படின்னு. போன எடுத்த பொண்ணு ரெண்டு தடவ திருப்பிக் கேட்டுக்கிட்டா. அப்புறம், பாட்டு யாரு போடுறாங்க, எத்தன மணி வரைக்கும்னுதான் எல்லாரும் கேப்பாங்க, படியக் கேட்ட மொத ஆளு நீங்கதான்னா. எண்ணிட்டு வந்தும் சொன்னா, பாவம். பதினாலு.

மணி என்ன? நாலு அஞ்சு. சரி.

போன வருஷம் பெல்ஜியத்துல கெண்ட் ஊருக்குப் போனோம். கிளப்புல நான் போயி தூண்ல மோதிக்கிட்டேன். நல்ல மோது, உதடு கிழிஞ்சிருச்சு. ரெண்டே பீருக்குத் தூணக் கட்டிப் புடிச்சவன்னு இப்ப வரைக்கும் சொல்லிச் சிரிக்கிறாளுங்க. நானும் சேந்து சிரிப்பேன். ரெண்டு இல்ல கெர்பன், அன்னைக்கு நான் குடிச்சது ஒண்ணு, அதுலயும் பாதி. அப்புறம் அவங்கள இருட்டுல தவற விட்டுட்டேன். என் பக்கத்துலயேதான் ஆடிக்கிட்டு இருந்தாங்களாம், கைய நீட்டுனா தொடுற தூரம். நான் செவத்தத் தடவித் தடவி வெளிய வந்து, தெருவிளக்குக்குக் கீழ ஒரு மணி நேரம் நின்னேன். குளிர்ல. காத்து வாங்க வந்தேன்னு சொல்லிட்டேன்.

அதனாலதான் சொல்றேன், லைட்டு நல்லதா வேணும். என்னது, இதவிடப் பெருசு கார்ல மாட்டுறதா? விளையாடாதீங்க. செவத்துல அடிச்சுக் காட்டுறீங்களா? காட்டுங்களேன், எனக்கென்ன. பேட்டரியிலதான ஓடுது, அடிங்க.

ஏன் கதவச் சாத்துறீங்க?

கெர்பன், கடை விளக்க எதுக்கு அணைச்சீங்க. போடுங்க. தெரியுது, வட்டம் தெரியுது, போதும். கெர்பன், எங்க இருக்கீங்க? பேசாம நிக்காதீங்க. எங்க நிக்கிறீங்க? ஐயோ, கப்பு. விளக்கப் போடுங்க கெர்பன், தயவு செஞ்சு போடுங்க, வெளையாட்டு வேணாம்.

இல்ல, ஒண்ணுமில்ல. இருங்க. கொஞ்சம் உக்காந்துக்கிறேன். உங்க கப்ப ஒடச்சிட்டேனே. வேணாம், நீங்க குனியாதீங்க, நான் பொறுக்குறேன். சரி, நீங்களே பொறுக்குங்க.

இங்கயா நின்னீங்க, என் பக்கத்துலயா?

செவத்துல அந்த வட்டம் நல்லாத் தெரிஞ்சிச்சு கெர்பன். பளிச்சுன்னு, தட்டு மாதிரி. அதச் சுத்தி எதுவுமே இல்ல. நீங்க இல்ல, செவரு இல்ல, என் கையி இல்ல. நீங்க அம்பது லைட்டு மாட்டுனாலும் எனக்கு அந்தத் தட்டு அளவுதான். லைட்டு மேல தப்பில்ல. மூணு லைட்டும் நல்ல லைட்டுதான். உங்க தொழில நான் கொற சொல்லிக்கிட்டே இருந்தேன், மன்னிச்சிருங்க.

ஏப்ரல்ல கண்ணு டாக்டர் சொல்லிட்டார். பொறக்கும்போதே உள்ள இருந்திருக்கு, இப்ப வெளிய வருதாம். பார்வ ஓரத்துலருந்து கொஞ்சங் கொஞ்சமா மூடிக்கிட்டே வரும், மொதல்ல போறது ராத்திரி. மருந்து இல்ல. இருட்டுனா சைக்கிள்ல ஏறவே கூடாதுன்னார். எத்தன வருஷத்துல முழுசா மூடும்னு கேட்டேன். அது ஆளுக்கு ஆளு வேறன்னு சொல்லி எழுந்து, போயிட்டு வாங்கன்னு கைய குடுத்துட்டார். வெளிய வந்து என்ன பண்ணேன்னு நெனைக்கிறீங்க. சைக்கிள்ல ஏறி வீட்டுக்குப் போனேன்.

தெய்ஸுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. சொன்னா சைக்கிள எடுத்து வெச்சிருவான், அப்புறம் நான் என்ன? நாலு வயசுலருந்து இதுமேல கெடக்கேன். கல்யாணத்துக்கு அவன் கையப் புடிச்சிக்கிட்டு ஆளுக்கு ஒரு சைக்கிள்ல போனவ நான். கோடை காலம் வேற. ராத்திரி பத்து மணி வரைக்கும் வெளிச்சம். ஒண்ணுமே இல்லாத மாதிரி இருந்துச்சு. கோடை முடியாதுன்னு நெனச்சிட்டேன் போல.

எம்பொண்ணு ஃபென்னாவுக்கு மட்டும் தெரியும். தெரியும்னா, தெரியாது. அஞ்சு வயசு, அவளுக்கு என்ன தெரியும். செவ்வாய்க்கெழம நீச்சல் வகுப்பு விட்டுப் பின் சீட்டுல உக்காத்திக் கூட்டிட்டு வருவேன். செப்டம்பர் கடைசில ஒரு நாளு வகுப்பு முடிய நேரமாயிருச்சு, வழியில இருட்டிருச்சு. நான் பாதைய விட்டு புல்லுல எறங்கிட்டேன். கால்வாய்த் தண்ணிக்கு ரெண்டடி. அவ பின்னாலருந்து கேக்குறா, அம்மா ஏம்மா கண்ண மூடிக்கிட்டு ஓட்டுறன்னு.

தொறந்துதான் வெச்சிருந்தேன் கெர்பன்.

ஆமா பாப்பா, இது ஒரு வெளையாட்டு, அம்மா கண்ண மூடிக்குவேன், நீதான் பாத்துச் சொல்லணும்னு சொல்லிட்டேன். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். அதுலருந்து அவதான் சொல்லுவா. அம்மா வளைவு வருது. அம்மா நாயி. அம்மா கம்பம். கார் வராம இருக்கப் பாத நடுவுல செவப்பு வெள்ளையா நட்டு வெச்சிருக்கானுங்களே, அந்தக் கம்பம். எங்க வழியில மொத்தம் ஏழு. ஏழையும் சொல்லுவா, ஒண்ணு விட மாட்டா. அப்பாகிட்ட சொல்லக் கூடாது, நம்ம ரெண்டு பேரு வெளையாட்டுன்னு சொல்லி வெச்சிருக்கேன். பெத்தவ செய்யுற வேலயா இது?

நேத்து செவ்வாய்க்கெழம. கடிகாரத்த மாத்தினதுக்கு அப்புறம் மொத வகுப்பு. நல்லா நீந்தியிருக்கா, களைப்பு. மொதக் கம்பத்தச் சொன்னா. ரெண்டு சொன்னா. மூணாவதும் சொன்னா. நாலாவது வரலியேன்னு நெனச்சிக்கிட்டே ஓட்டுறேன், வரலியே வரலியேன்னு. புள்ள தூங்கிட்டா.

ஸ்டேஷன்ல யாரும் இடிக்கல.

இல்ல இல்ல, அவளுக்கு ஒண்ணும் ஆகல. பெல்ட்டு போட்டிருந்தேன், சீட்டோட சாஞ்சா, ஒரு கீறல் இல்ல. முழிச்சுப் பாத்துட்டு அழுதா. அடிபட்டிருச்சுன்னு நெனச்சேன். இல்ல, நான் சொல்ல மறந்துட்டேம்மா, நாந்தாம்மா தப்புன்னு அழுவுறா. வீட்டுக்கு வர்ற வரைக்கும் மன்னிப்புக் கேட்டுக்கிட்டே வந்தா. கோணச் சக்கரத்தத் தள்ளிக்கிட்டு நான் முன்னாடி, சீட்டுல அவ பின்னாடி.

அப்படியும் இன்னைக்கு என்ன பண்ணேன்? நாலாவது லைட்டு வாங்க வந்தேன்.

வேணாம் கெர்பன், சக்கரத்த நிமித்த வேணாம். விடுங்க. இந்தாங்க சைக்கிள் சாவி. ரெண்டு இருக்கு, ரெண்டையும் வெச்சுக்கங்க. இது உங்ககிட்டயே இருக்கட்டும். நாளைக்கே நல்ல வெயில்ல சிரிச்சிக்கிட்டு வந்து, சும்மா சொன்னேன், குடுங்கன்னு கேப்பேன். நான் கேப்பேன், என்னை எனக்குத் தெரியும். சண்ட போடுவேன். குடுத்துராதீங்க.

பெர்லினா? ரயில்ல நாலு சைக்கிளுக்கு எடம் போட்டிருக்கேன். ஒண்ண ரத்து பண்ணணும். மார்லூஸ் சைக்கிள் கேரியர் கெட்டியானது, நீங்கதான மாட்டுனீங்க, ஒரு ஆளு தாங்கும்ல? தாங்கும்னா சரி. ஆனா அதுக்கு அவகிட்ட சொல்லணும். தெய்ஸ்கிட்ட சொல்லணும். மார்லூஸ் சிரிப்பாளா அழுவாளான்னு தெரியல. வீட்டுக்குப் போனதும் மொதல்ல தெய்ஸ்.

மணி எத்தன? அஞ்சு இருவதா?

பேசிக்கிட்டே இருந்துட்டேன் பாருங்க. வெளிய சுத்தமா இருட்டிருச்சு. நடந்து போனா இருவது நிமிஷந்தான், தெனமும் போற வழிதான். கெர்பன், நீங்க கடைய எப்ப மூடுவீங்க? அந்த ஆணியில தொங்குதே, மஞ்சக் கோட்டு, பளபளன்னு பட்ட போட்டது, அதப் போட்டுக்கிட்டுக் கொஞ்சம் எனக்கு முன்னாடி நடக்குறீங்களா? கையெல்லாம் புடிக்க வேணாம், ஊர்ல பாப்பாங்க. அந்தப் பட்டையப் பாத்துக்கிட்டே வந்துருவேன்.

கம்பம் வந்தா மட்டும் சொல்லுங்க.